இருபத்தேழு புள்ளி இரண்டு

சைக்கிள் வந்தது, சீட் வரவில்லை. வளைகுடாவிலிருந்து வரும் கார்கோ பெட்டியைப் பிரிப்பது எங்கள் ஊரான அருமனைப் பக்கத்தில் ஒரு சின்ன விசேஷம். அக்கம்பக்கத்தார் ஏதோ வேலை இருப்பதுபோல வேலியோரம் வந்து நின்றுவிடுவார்கள். பால்பொடி, தைலம், கம்பளி எல்லாம் வெளியே வந்தபின், என் கணவர் அங்கே ஓட்டிய சைக்கிள், சக்கரம் கழற்றியபடி அடியில் கிடந்தது. சீட்டும், அதைத் தாங்கும் கம்பியான சீட் பில்லரும் மட்டும் இல்லை. பெட்டியில் அடங்கவில்லை என்று அவருடைய அறை நண்பர்கள் அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்களாம். வைத்தது வைத்தபடி அங்கேயே இருக்கிறது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா? கெட்டின கயறு மட்டும் நல்ல பலமா இருக்கு" என்றேன்.

என் கணவர் ஊன்றுகோலோடு நாற்காலியில் இருந்து சிரித்தார். நான் சொன்னது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். பெட்டி கட்டிய நாளில் அவர் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேலைத்தளத்தில் சாரத்திலிருந்து விழுந்து வலது கால் முட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் எனக்குப் பயம் வந்தால் அது வாய்வழியாகக் கோபமாகத்தான் வெளியே வரும். கணக்கு டீச்சர் வேறு. கேட்கவா வேண்டும்!

நாகர்கோவில் டாக்டர்தான் சைக்கிள் மிதிக்கச் சொன்னவர். அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார். சீட் உயரமாக இருக்க வேண்டும். பெடல் கீழே போகும்போது, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுக்க நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டு மடங்கியபடியே சுற்றும், மூன்று மாதத்தில் அப்படியே இறுகிவிடும். "அப்புறம் மறுபடியும் கத்திதான். அப்பவும் நீளும்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். என் கணவர் அப்போது ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கியிருந்தார், ஆனால் கால் நேராகவில்லை. தாங்கித் தாங்கித்தான் நடந்தார்.

ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான் எங்களுடையதும். சைக்கிளின் சட்டத்தில் சீட் பில்லர் இறங்கும் குழாய் இருக்கிறதல்லவா, அதன் வாயில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து நானே அளந்தேன். இருபத்தேழு மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு பொட்டு. பொட்டை விட்டுவிட்டு இருபத்தேழு என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் துண்டுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சரே, சாதா சைக்கிளுக்கு உள்ள சீட்டும் கம்பியும்தான் எனக்க கிட்ட உண்டு. வேணும்னா கொண்டு போய் இட்டுப் பாருங்க" என்றார்.

இட்டுப் பார்த்தோம். சாம்பார்ப் பானைக்குள் கரண்டி மாதிரி ஆடியது.

எங்கள் ஊரில் ஆடுகிற எதற்கும் ஒரே மருந்து ரப்பர். குழாய் ஒழுகினால் ரப்பர், கதவு அடித்தால் ரப்பர், கட்டில்கால் சாய்ந்தால் ரப்பர். எங்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்ட வரும் அண்ணன் சைக்கிளைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "இதுக்குப் போயி மார்த்தாண்டம், நாரோயில்னு எதுக்கு அலையணும்? ஒட்டுப்பாலு இருக்கும்போது?" என்றார். வெட்டுத்தடத்தில் உறைந்து நாடாவாக உரிந்து வருமே, அதுதான் ஒட்டுப்பால். ஒரு கைப்பிடி கொண்டுவந்து கம்பியில் இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே பலகை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினார். அசைத்துப் பார்த்தேன். இம்மியும் ஆடவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வேலைக்காகவே அவருக்கு ஒரு தூக்குவாளி நிறையப் பாயசம் கொடுத்தனுப்பினேன்.

கால்வாயை ஒட்டிய சானல் கரைப் பாதையில்தான் எங்கள் ஊரில் ஏற்றம் இறக்கம் கிடையாது. தினமும் காலையில் அவர் அங்கே போய் ஏழு மணிக்குத் திரும்புவார். நாலைந்து நாளில் சீட் தாழ்ந்திருப்பது என் கண்ணில் பட்டது. உயர்த்தி வைத்தோம். மறுபடியும் தாழ்ந்தது.

"சுகமா மிதிக்கலாம்னு இறக்கி வச்சியளா?" என்றேன்.

"சத்தியமா நான் தொடல்ல பிள்ளே."

"பின்ன, சீட்டு தானா இறங்கிச்சாக்கும்! பள்ளிக்கூடத்தில எத்தன பேர பாத்திருக்கேன். வீட்டுக்கணக்கு செய்யாதவனுக்க முகம் எனக்குத் தெரியும்."

இரண்டு நாள் சோறு வைக்கும் சத்தம் மட்டும்தான் வீட்டில் கேட்டது. மூன்றாம் நாள், கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் விட்டுப்போன நகப்பாலிஷை எடுத்து, டாக்டர் சொன்ன உயரத்தில் சீட்டை வைத்து, கம்பி குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். கோடு உள்ளே போனால் சீட் தாழ்ந்தது என்று அர்த்தம். காலையில் வாசலில் போய் நின்றேன். கோட்டைக் காணோம்.

அவரைக் கேட்கவில்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நானே ஏறி உட்கார்ந்தேன், புடவையோடு. கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, பஸ்ஸில் தூங்கி விழும் ஆள் மாதிரி, சீட் என்னையும் கொண்டு கீழே இறங்கத் தொடங்கியது. ஒட்டுப்பால் அமுங்கிக் கம்பியைக் கீழே விட்டுக்கொண்டிருந்தது. பால் வெட்டும் அண்ணன் மரத்தடியில் பால் பிடிக்கும் சிரட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்க மேல இருந்த கோவம் சீட்டுக்குத் தாங்கல்ல போல" என்று சொல்லிவிட்டு என் கணவர் சிரித்தார். விழுந்த பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கோ அழுகை வந்தது. நம்பாமல் பேசிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை சைக்கிளை ஆட்டோவில் ஏற்றி நாகர்கோவில் கொண்டுபோனேன். கியர் சைக்கிள் விற்கும் கடைக்காரர் என் துண்டுச்சீட்டைக் கண்டுகொள்ளவேயில்லை. வெர்னியர் அளவுகோலைக் குழாய்க்குள் விட்டுத் திருப்பி, "இருபத்தேழு புள்ளி ரெண்டு" என்றார்.

"புள்ளி ரெண்டில என்ன வரப்போகுது?"

"டீச்சரே, இருபத்தேழுதான் போதும்னா கம்பி ஆடும், கிளாம்பு எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. ரெண்டு மில்லிமீட்டர் இல்ல, ஒரு மில்லிமீட்டர்ல பத்தில ரெண்டு பங்கு. அதுமேலதான் ஆளு இருக்கான்."

தசமத்தை விட்டால் நான் பிள்ளைகளுக்கு மார்க் குறைப்பவள். துண்டுச்சீட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டேன். புது பில்லர் குழாய்க்குள் இறங்கும்போது உள்ளே இருந்த காற்று மெல்ல வெளியேறும் சத்தம் கேட்டது. கிளாம்பின் கைப்பிடியை மடக்கியதும் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதலில் நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அசையவில்லை. புதிய கம்பியில் புதிய கோடு போட்டேன்.

எட்டு நாள் கோடு நின்றது. ஒன்பதாம் நாள் உள்ளே போய்விட்டது.

இந்தத் தடவை கம்பியைக் குறைசொல்ல வழியில்லை. அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரு தரம் பொய்யாகக் குற்றம் சொல்லி மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. இப்போது உண்மையாகவே குற்றம், ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று மாதத்தில் ஒன்றரை மாதம் போயிருந்தது.

"என்னவாக்கும்?" என்றேன்.

"சீட்டு ஒயரமா இருந்தா எனக்க காலு தரையில எட்டாது பிள்ளே. பேடியா இருக்கு" என்று பயத்தை ஒப்புக்கொண்டார். சானல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார், "அன்னைக்கும் காலுக்குத் தர கிட்டல்ல. விழுந்து தீருகது வரைக்கும் தேடிச்சு."

பதினோரு மாதத்தில் அந்த விழுகையைப்பற்றி அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டருக்கு என்ன, எனக்கு என்ன, எல்லாரும் முழங்காலை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும்!

நகப்பாலிஷ் குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "கால் எங்க எட்டுதோ அங்க ஒரு கோடு போடுங்க. டாக்டருக்க கோடு அங்க கெடக்கட்டும். பேடி கொறையும்போ கொஞ்சம் ஏத்துங்க" என்றேன். அவர் போட்டார். ஒரு வாரம் கழித்து, சீட் ஏறிய அளவுக்குக் கம்பியில் கீழே ஒரு விரல்கடை தள்ளி இன்னொன்று. அப்புறம் பத்து நாள் ஒன்றும் இல்லை. அதன்பின் ஒரே வாரத்தில் இரண்டு. இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சரியில்லாமல் கிடந்தன. நான் அளக்கவில்லை. ஆனால் ஏழு மணிக்கு வாசலுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. சைக்கிள் வந்து நின்றதும் என் கண் நேரே குழாய் வாய்க்குத்தான் போகும்.

டாக்டரிடம் போக நாலு நாள் இருக்கும்போது அவர் வந்து நின்றார். டாக்டர் சொன்ன உயரத்துக்கு நான் போட்ட கோடு குழாய்க்கு வெளியே முழுசாகத் தெரிந்தது. வலதுகாலின் பெருவிரல் நுனி மட்டும்தான் தரையில் இருந்தது.

"பேடியில்லியா?" என்று கேட்டேன்.

"உண்டு" என்றார். "ஆனா நீதான் தெனமும் வாசல்ல வந்து நிக்கியே. சாஞ்சாலும் நீ பிடிச்சிருவேன்னு தெரியும்."

டாக்டர் முழங்காலை நீட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, கத்தி வேண்டாம் என்றார். நான் வாசலில் நின்றது கோட்டைப் பார்ப்பதற்காக. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. இப்போது அந்தக் கோடுகள் துருவோடு சேர்ந்து மங்கிவிட்டன, பார்க்க ஒன்றுமில்லை. அவர் திரும்பும் ஏழு மணியானால் அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டு வாசலுக்குப் போய், இரண்டு கையையும் சும்மா வைத்துக்கொண்டு நிற்கிறேன்.