கெட்டுப்போன வைனைப் புகழ்ந்தவர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சுவிட்சர்லாந்தின் ரெனானில் இருக்கும் எங்கள் டேக்-அவே சாப்பாட்டுக் கடையைப் பூட்டிவிட்டு நானும் கணவரும் ஒரு விழாவுக்குப் போனோம். என்ன விழா தெரியுமா? வைன் ருசி பார்க்கும் விழா!

சிரிக்காதீர்கள். தொழில் விஷயமாகத்தான் போனோம். வெள்ளிக்கிழமைகளில் எங்களிடம் கறி வைத்துப் பொரித்த ரோல்ஸ் வாங்க வரும் ஒருவர் ஏரிக்கரைக் கிராமமொன்றில் திராட்சை வளர்த்து, சொந்தமாக வைன் செய்கிறார். “வந்து ருசி பாருங்கள். உங்கள் ரோல்ஸுக்கு எது பொருந்துமென்று சொல்லுங்கள். அடுத்த வருடம் எனக்குப் பக்கத்தில் நீங்களும் கடை போடலாம்” என்று அழைத்திருந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் கடையில் கல்லாவும் பிரெஞ்சும் என் பொறுப்பு. அடுப்பு அவருடையது. அண்மைக்காலமாகப் பருப்பு அடிப்பிடித்திருக்கிறது, ஏலக்காய் தூக்கலாக இருக்கிறது என்று ஓரிருவர் குறை சொன்னார்கள். வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

வாசலில் ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பையைச் சின்னப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். எங்களை அழைத்த திராட்சைத் தோட்டக்காரரின் மனைவிதான் ஊற்றிக் கொடுத்தார். முதலில் மூக்கு, பிறகுதான் வாயாம்! பக்கத்தில் நின்றவர்கள் கோப்பைக்குள் மூக்கை விட்டு, “வெள்ளைப் பூ... பேரிக்காய்... ஈரக் கல்...” என்று அடுக்கினார்கள். கல்லுக்கும் மணமா? எனக்குச் சிரிப்பு. கணவர் சிரிக்கவில்லை. கோப்பைக்குள் வைத்த மூக்கை எடுக்காமலே நின்றார்.

அந்த அம்மா புதுப் போத்தல் ஒன்றைத் திறந்து எங்கள் இருவருக்கும் ஊற்றினார். நான் மூக்கருகே கொண்டுபோனேன்... சீ! பூட்டிய அறைக்குள் கிடந்த ஈரத் துணி நாற்றம். நான் வாய் திறப்பதற்குள் கணவர் குடித்தே விட்டார்.

“த்ரே போன், மதாம்!” மிக நன்றாக இருக்கிறதாம்.

அந்த அம்மா போத்தலை முகர்ந்து பார்த்துப் பதறினார். “மன்னியுங்கள், குடிக்காதீர்கள்! கார்க் பழுதாகி வைன் கெட்டுவிட்டது.” பிறகு என்னைப் பார்த்து, “உங்கள் கணவர் எவ்வளவு மரியாதையானவர்!” என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், தோட்டத்துக் கல்மதிலில் உட்கார வைத்தேன்.

“இஞ்சாருங்கோ, அது நாறினது உங்களுக்குத் தெரியேல்லையோ?”

அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை.”

“எப்ப தொடக்கம்?”

“மாரிக்குள்ள வந்த காய்ச்சலுக்குப் பிறகு. வரும் வரும் எண்டு பாத்தன்... வரேல்லை.”

“அப்ப இவ்வளவு நாளும் எப்பிடிச் சமைச்சனீங்கள்?”

“சத்தத்தை வைச்சுத்தான். கடுகு வெடிக்கிற சத்தம், தண்ணி வத்துற சத்தம்... பிறகு நிறத்தைப் பாப்பன். மிச்சம் கைப்பழக்கம்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சமையல்காரனுக்கு மணம் தெரியாதெண்டா ஆர் சாப்பிட வருவினம்?” மதிலில் படிந்த பாசியை நகத்தால் சுரண்டினார். “கறி போனாப் போகட்டும். மகள் பிள்ளையைக் கொண்டந்து கையில தந்தவளெல்லே... உச்சி மோந்தன். ஒண்டுமே தெரியேல்லையப்பா. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. சிரிச்சுக்கொண்டு திருப்பிக் குடுத்திட்டன்.”

கழுத்தில் தொங்கிய கோப்பை நெஞ்சில் மோதி ஆட, குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும்தான்.

கண் மங்கினால் கண்ணாடி உண்டு. காது மந்தமானால் கருவி உண்டு. மூக்குப் போனால்? பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க யார் வருகிறார்கள், சொல்லுங்கள்?

புறப்படுமுன் அவரே போய், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தோட்டக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தார். “எனக்கு அப்படி நடந்தால்...” என்றார். கணவரின் தோளில் கை வைத்தபடி நின்றார். அடுத்த வருடக் கடையைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

டாக்டரிடமும் போய் வந்தோம். சிலருக்குத் திரும்பி வருமாம், சிலருக்கு வராதாம். காத்திருக்கச் சொன்னார்.

கடை நடக்கிறது. கறி இறக்குமுன் குசினியிலிருந்து குரல் வரும்: “இஞ்சாரும், ஒருக்கா வாரும்.” நேற்றும் போனேன். குனிந்து முகர்ந்துவிட்டு, “நல்லா இருக்கு” என்றேன்.

“அது காணாது. என்னென்ன மணம் வருதெண்டு சொல்லும்.”

“முதல்ல உள்ளிப்பூடு... பிறகு கறுவாப்பட்டை... அடியில கொஞ்சம் தேங்காய்ப்பால்...”

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் நிறுத்தியதும், “இன்னும் சொல்லும்” என்றார்.

கடையில் இப்போது இருப்பது ஒரே ஒரு மூக்கு... அதற்குச் சளி, தடிமன் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்!