நிறம் பூசாத கதவு

ஒட்டாத உறையில் குறைந்த முத்திரையோடு போகும் வாழ்த்து அட்டையில் ஐந்து சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது என்பது நான் சிறுவனாக இருந்தபோது தபாற் கந்தோர் விதி. அரசாங்க விதிகளோடு காலம் முழுவதும் குடித்தனம் நடத்திய நான், அதை மதித்தவர்களாகக் கண்டது இரண்டே பேரைத்தான்.

ஒருவர் அம்மா. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடுதான் சீதனம். வாவிக்கரையில் இருந்த எங்கள் வீட்டை, கதவு நிலை உட்பட, அம்மாவின் அண்ணன் தன் கையால் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் பார்த்த மாப்பிள்ளையை விட்டு அம்மா அப்பாவைக் கட்டியதும், இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று கதிரவெளிக்குப் போய்விட்டார். அம்மாவின் கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. ஒட்டாத உறையில் பொங்கல் வாழ்த்து அனுப்பினால் எப்படியும் பார்த்துவிடுவார் என்பது அம்மாவின் யோசனை.

படம் கீறும் பொறுப்பு எனக்கு. வெள்ளையாக விடவேண்டிய இடத்தில் ரப்பர்ப் பசை தடவி, மேலே நீர்வர்ணம் பூசி, காய்ந்ததும் பசையை உரித்துவிட வேண்டும் என்று சித்திர வாத்தியார் சொல்லியிருந்தார். அந்தப் பசைக்கு நான் எங்கே போவேன்? அப்பாவின் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொலுசனை எடுத்தேன்.

“நல்ல வேலை. மறுகா டியூப் வெடிச்சா உன்ட படத்தையா ஒட்டுற?” என்றார் அப்பா.

“ஒட்டுங்களன். சைக்கிளுக்கும் ஒரு அழகு வரட்டும்” என்றார் அம்மா.

வாவியில் மினுங்கும் வெளிச்சத்துக்கு நான் தீக்குச்சியால் பசை வைத்தேன். அம்மா அந்தக் குச்சியை வாங்கி, படத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கதவு முழுவதும் தடவினார். நிறம் காய்ந்து பசையை உரித்தபோது கதவு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

“அம்மா, கதவுக்கு நிறம் இல்ல. மாமா சிரிப்பார்.”

“சிரிக்கட்டும் மகன். நீ அதுல கைவைக்காத.”

கீழே, ‘அண்ணனுக்குத் தங்கச்சியின் பொங்கல் வாழ்த்துக்கள்’ என்று எழுதினார். இன்னும் ஒரு சொல்லுக்கு இடம் இருக்கிறதே என்றேன். இருக்கட்டும் என்றார்.

அட்டை திரும்பி வரவில்லை; பதிலும் வரவில்லை. கதவைப் பூசாத படத்துக்கு யார்தான் பதில் போடுவார் என்று எனக்கு அம்மா மேல் கோபம். வளர்ந்த பிறகும் அதை அம்மாவின் பிழையாகவே வைத்திருந்தேன்.

சுனாமி கதிரவெளிக் கரையை அடித்துப் போனபின் மாமாவை முகாம் முகாமாகத் தேடினோம். கிடைக்கவில்லை. பிறகு ஒருநாள், கதிரவெளிப் பக்கம் நிவாரணச் சாமான் ஏற்றிப் போய்த் திரும்பிய லொறிச் சாரதி வாசலில் வந்து ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். மாமாவின் எழுத்து: ‘உயிரோடு இருக்கிறேன். கதவு இன்னும் திறந்திருக்கிறதா?’

ஐந்தே சொற்கள்.

அம்மா கடதாசியை மடித்தார். “நாளைக்கும் அந்தப் பக்கம்தானே போறீங்க தம்பி? வரக்குள்ள அவரையும் ஏத்திக்கொண்டு வாங்க.”

அன்று சுனாமிக்குப் பின் வந்த முதல் தைப்பொங்கலுக்கு முதல் நாள்.