உயிர் பெற்ற இரண்டு பையன்கள்

பூசையில் சொல்கிற மறையுரையைத் தயாரிப்பதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. சிரமமெல்லாம் கேட்பவர்களுக்குத்தான். காங்கேயம் பக்கத்தில் ஒரு சின்னப் பங்கில் சாமியாராக இருந்த காலத்தில், நற்செய்தியில் என்ன வந்தாலும் இரண்டாவது நிமிஷத்தில் அதைத் தேங்காய்க் களத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். விழிப்பாயிருங்கள் என்று வந்தால், மேகம் கூடும்போது காயப்போட்ட தேங்காய்ப் பருப்பை வாரிக்கொண்டு ஓடுகிற ஓட்டம். பாவம் என்று வந்தால், மூட்டையைக் கெடுக்கிற ஒரு சொத்தைப் பருப்பு. நான் வாயைத் திறந்ததும் பின்வரிசை ஆம்பளைகள் ஒவ்வொருவராக நழுவி எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எப்போது முடிப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர்களுக்குத் தெரியும். சரியாக அந்த நேரத்துக்கு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

எந்த ஞாயிறு எந்த வாசகம் என்பது நாங்கள் முடிவு செய்வதல்ல. மூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று. உலகம் முழுக்க அன்றைக்கு அதேதான். அப்படி அந்த வாரம் வந்து விழுந்தது இரண்டு விதவைகளின் கதை. முதல் வாசகத்தில் எலியா இறைவாக்கினர் ஒரு விதவையின் செத்துப்போன மகனை எழுப்பித் தருகிறார். நற்செய்தியில் நயீன் ஊர் விதவை. பாடையில் போகிற அவளுடைய ஒரே மகனை இயேசு எழுப்பித் தருகிறார்.

அந்தப் புதன்கிழமைதான் நான் ஒரு விதவையின் ஒரே மகனைக் குழியில் இறக்கிவிட்டு வந்திருந்தேன். எலக்ட்ரீசியன் பையன். கிணற்று மோட்டாரைக் கழட்டப் போன இடத்தில் கரண்ட் அடித்துவிட்டது. அந்த ஞாயிறு முதல் வாசகம் படிக்க வேண்டிய முறை அவனுடைய அம்மாவுக்கு.

புருஷன் போன பிறகு அந்தம்மாவுக்கு மகனும் கோயிலும்தான். மகன் போய்விட்டான். இந்த வாசகம் கோயிலையும் பிடுங்கிவிடுமோ என்பதுதான் என் பயம். ஒருதரம் படி இறங்கினால் திரும்பி வருகிற ஆள் இல்லை அவர்.

முறையை மாற்றினால் முடிந்தது. ஆனால் யார் போய்ச் சொல்வது? எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. கெட்ட செய்தியைச் சுமந்துகொண்டு போனவன்கூட, ‘ஏனுங்க, நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டுவிட்டுச் செய்தியோடு திரும்பி வருவான். கோயிலில் எனக்கு உதவியாக இருந்த உபதேசியார் போனார். டீ குடித்தார். வந்தார். கன்னியாஸ்திரி அம்மா போய் ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லிவிட்டு, எழவு வீட்டில் இதை எப்படி எடுப்பது என்று வந்துவிட்டார். கடைசியில் நான் போனேன், பெரிய வீரன். அந்தம்மா என் பிரஷர் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். விவரமாகச் சொன்னேன். மகனைப் பறிகொடுத்தவரிடம் என் மாத்திரைக் கணக்கை ஒப்பித்துப்போட்டு எழுந்து வந்தேன். நான் சொல்லிவிட்டேன் என்று உபதேசியார் நினைத்துக்கொண்டார். அவர் மறுபடி போய்ச் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தம்மா தலையில் முக்காட்டோடு வாசலில் வந்து நின்றார். வேறு யாரையாவது படிக்கச் சொல்லலாமே, உங்களுக்கு அலைச்சல் எதற்கு என்று என்னமோ உளறினேன். கோயிலுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான்.

“என்ன வாசகம்னு தெரியுமுங்க சாமி. போன வாரம் பையன்தான் உக்காரவெச்சுச் சொல்லிக் குடுத்தான். மூச்சு விடாம ஓட்டறே, நிறுத்திப் படிம்மான்னான்.”

சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டார்.

நிறுத்தித்தான் படித்தார். எங்கெங்கே நிறுத்தச் சொல்லியிருப்பான் என்று எனக்குக் கேட்டது. இறைவாக்கினர் பையனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். நிறுத்தினார். பையனுக்கு உயிர் வந்தது. நிறுத்தினார். அவனைத் தாயின் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்றார். ‘இறைவா உமக்கு நன்றி’ என்று ஊரே சொல்ல வேண்டும். ஒரு குரல் வரவில்லை. அந்தம்மா காத்திருந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பிறகு நான் என் பங்குக்கு நற்செய்தியில் இன்னொரு பையனை எழுப்பி வாசித்தேன்.

மறையுரைக்கு நின்றேன். மூன்று கருத்து தயார் செய்திருந்தேன். மூன்றும் நல்ல கருத்துகள்தான். வேறு எந்த ஊரிலாவது சொல்லியிருக்கலாம். பின்வரிசையில் அன்று ஒருவரும் எழுந்து போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குச் சபை நிறைய ஆள். மைக்கைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அந்தம்மா உட்கார்ந்தபடியே கேட்டார். பூசை நடுவில் யாரும் சாமியாரிடம் கேள்வி கேட்பதில்லை. சந்தையில் விலை விசாரிக்கிற குரலில்தான் கேட்டார்.

“ஏனுங்க சாமி, அந்த ரெண்டு பசங்களும் பின்னால ஒரு நாள் செத்துத்தானுங்க போயிருப்பாங்க?”

எந்தப் புத்தகத்திலும் யாரும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை. “ஆமாங்க,” என்றேன்.

“அதுக்குள்ள அவிகவிக அம்மா போய்ச் சேர்ந்திருப்பாங்க.”

“உயிரோட இருந்திருக்க மாட்டாங்கம்மா.”

“அந்த ரெண்டு அம்மாவும் குடுத்து வெச்சவிக.”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். பின்னால் ஓர் அம்மா அழ ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது. இதற்கு மேல் ஆறுதல் என்று எதைச் சொன்னாலும் அது எனக்குச் சொல்லிக்கொள்கிற ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். விசுவாசப் பிரமாணத்தை ஆரம்பித்தேன். எல்லோரும் எழுந்து நின்று கடவுளை நம்புகிறேன் என்றார்கள். அந்தம்மா எழவில்லை. என் கண் அந்த முக்காட்டிலேயே இருந்தது. நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டேன். சபைதான் என்னைத் தாண்டிக் கொண்டுபோய் முடித்தது.

நன்மை வாங்கும் நேரம், அப்பத்துக்கு எல்லோரும் வரிசையில் வந்தார்கள். போய்விடுவார் என்றே நினைத்தேன். பக்கவாசல் அவருக்கு நாலடியில் திறந்து கிடந்தது. அவர் எழுந்தார். வாசலைப் பார்த்தார். வரிசையில் இருந்தவர்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள், எந்தப் பக்கம் போனாலும் போகட்டும் என்கிற மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு என் முன்னால் வந்து கையை நீட்டினார். ‘கிறிஸ்துவின் உடல்’ என்று சொல்லி அப்பத்தை வைத்தேன். பதிலுக்கு ஆமென் சொல்ல வேண்டும். கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிங்க சாமி,” என்றார்.

அதை வாயில் போட்டுக்கொண்டு முதல் பெஞ்சுக்கே திரும்பிப் போனார்.