மாமா கோவித்துக்கொண்ட சனிக்கிழமை

போன மாதம் என் தாய்மாமா இறந்துபோனார். நான் வெளியூரில் போட்டியில் இருந்தேன். செய்தி கேட்டதும் கூடைப்பந்து மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்குப் படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. பந்துதான் சோறு போடுகிறது. இன்றைக்கு ஓர் அணிக்காகச் சம்பளம் வாங்கி ஆடுகிறேன். எங்கே ஆடக் கற்றாய் என்று கேட்பவர்களிடம் விளையாட்டு விடுதியில் என்று சொல்லுவேன். அந்த விடுதிக்குள் நான் எப்படிப் போனேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மதுரையை ஒட்டிய பரவையில் இருந்தோம். வகுப்பில் எல்லாரையும்விட ஒரு தலை உயரம். இந்த உயரத்துக்கு மாப்பிள்ளையை எங்கே தேடுவது என்று அப்பாவின் அக்காவான அத்தைக்குக் கவலை. பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஒருவர்தான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஒரு சனிக்கிழமை காலை மதுரையில் நடப்பதாக இருந்தது. அதை விட்டால் வயது தாண்டிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பெரியவளானேன்.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து குச்சு கட்டுவார். அந்தச் சின்னக் குடிசைக்குள் உட்கார்ந்துவிட்டால் சடங்கு முடியும்வரை வாசல் தாண்டக்கூடாது. அத்தை எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பின்னறையில் பாய் போட்டு உட்கார வைத்தார். அம்மா மெதுவாகத் தேர்வைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"வயசுக்கு வந்த பிள்ளைய டவுசர் போட்டு ஓட விடப்போறியாக்கும்" என்றார் அத்தை. அதோடு பேச்சு முடிந்தது.

மாமா கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அப்பா அவருக்குப் போன் போட்டார். எப்போதும் சிரித்துப் பேசுகிற மனுஷன் அன்றைக்குப் பாய்ந்த பாய்ச்சல் பின்னறைவரை கேட்டது.

"என்ன மச்சான், கரண்டு கட்டாகும்னு சொல்ற மாதிரி போன்ல சொல்றீக? தாய்மாமனுக்கு இம்புட்டுத்தான் மருவாதியா? வெத்தல பாக்கோட நேர்ல வாங்க. அதுவரைக்கும் ஒரு ஓலையக்கூட வெட்ட மாட்டேன்."

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. ஆனால் மாமன் இல்லாமல் குச்சு கிடையாது. மறுநாள் விடிந்ததும் அப்பாவும் பெரியப்பாவும் அத்தையும் தாம்பாளத்தோடு ஆட்டோ பிடித்துக் கப்பலூருக்குப் போனார்கள்.

ஆட்டோ போன கொஞ்ச நேரத்தில் எங்கள் பின்சந்தில் மாமாவின் பைக் வந்து நின்றது. அம்மா என் ஷூவைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டார். வயிற்றுவலியோடு மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தீட்டு இல்லையா மாமா என்று கேட்டேன்.

"குச்சுக்குள்ள உக்காந்தாத்தானத்தா அதெல்லாம். மாமன்தான் இன்னும் ஓலையே வெட்டலையே."

அவ்வளவு கோபத்திலும் மாமா வேடிக்கை பேசுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தேர்வில் நான் எறிந்த பந்தில் பாதி வளையத்தில் பட்டுத் திரும்பியது. ஆனால் மற்றவர்கள் எறிந்து தவறியதையெல்லாம் குதித்துக் குதித்து நான்தான் பிடித்தேன். வேலிக்கு வெளியே மாமா, ஆட்டம் புரியாமல், எதிர்ப்பக்கத்துக்காரர்கள் கூடையில் போட்டதற்கும் சேர்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். முடிவில் என்னைத் தனியே கூப்பிட்டு, எடுத்துக்கொண்டோம் என்றார்கள்.

அப்பா திரும்பி வருவதற்குள் நான் பாயில் இருந்தேன். மாமாவின் பூட்டிய வீட்டு வாசலில் மத்தியானம்வரை தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தார்களாம். சாயங்காலம் மாமா ஓலையோடு வந்தார். எங்கே போய்த் தொலைந்தாய் என்று அப்பா கேட்டதற்கு, "கோவத்துல எங்கிட்டோ போயிட்டேன் மச்சான்" என்றார். குச்சைக் கட்டி முடித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். பிறகு டீச்சர் வீட்டுக்கு வந்து இடம் கிடைத்த விவரத்தைச் சொன்னபோது, எப்போதோ பள்ளிக்கூடத்தில் பார்த்து எடுத்தார்களாம் என்று அம்மா சமாளித்தார். தேடி வந்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு மனசு வரவில்லை.

ஆனால் மாமாவோடு அப்பா அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசவேயில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரைக் கோவக்கார மாமன் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். துக்க வீட்டில் வைத்துத்தான் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு உங்கப்பா போன் போடுறதுக்கு முந்தியே உன் மாமனுக்கு நான் போட்டு அழுதேன்டி. 'அக்கா, நீ ஒண்ணும் பேசாத, நான் கோவிச்சுக்கிறேன்'னான்."

உண்மையைச் சொல்லியிருந்தால் வீட்டின் கோபமெல்லாம் அம்மாவின் மேல் திரும்பியிருக்கும். ஒருநாளும் கோபப்படத் தெரியாத மனுஷன் சாகிறவரை கோவக்காரன் என்ற பெயரைச் சுமந்துவிட்டுப் போனார். எந்த ஊரில் ஜெயித்தாலும் இனி சாமியோடு அவரையும் சேர்த்துத்தான் நான் கும்பிட வேண்டும்.

அந்தச் சடங்கன்று பட்டுப்பாவாடை உடுத்தி என்னை மனையில் உட்கார வைத்தார்கள். மாமா எனக்கு மாலை போட்டார். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காலில் விழுந்த என்னை மாமா தூக்கி நிறுத்தி, "அந்த விடுதில தெனமும் முட்டை போடுவாகளாம் தாயி, மிச்சம் வைக்காமச் சாப்புடு" என்று காதோடு சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பாடா, மாமாவுக்கு ஒருவழியாகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.