முப்பத்தொன்பது வயதில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கப் போனேன்

ராணுவ மருத்துவப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்துவிட்டுப் பிப்ரவரியில் கடலூர் திரும்பினேன். ஜூன் மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியிலிருந்து பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. நான்கு ஆண்டுப் படிப்பு. முடித்தால் டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பரிசோதிக்கும் வேலை. இதே யோசனையில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்காக எழுதுகிறேன்.

நேர்காணல் அன்று காலை ஏழேகாலுக்கு மனைவியின் தம்பி மரியதாஸின் பைக்கில் கிளம்பினோம். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். தாஸ் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். அங்கே எனக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை பேசி வைத்திருந்தான். அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. பதினெட்டு வயசுப் புள்ளைங்களோட பெஞ்சுல குந்தப் போறீங்களா?"

"குந்துறேன் மச்சான்."

வழியில் பி.முட்லூரில் டீ குடிக்க நிறுத்தினோம்.

எட்டே முக்காலுக்குக் கல்லூரி. ராணுவ டிப்ளமோவைக் காட்டி நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்று நம்பியிருந்தேன். "அது இங்க செல்லாது சார். முதல் வருஷம்தான்" என்றார் எழுத்தர். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது இளைய பெண் டாக்டர். "ராணுவத்துல நீங்களே தையல் போட்டிருப்பீங்க. இங்க டாக்டர் சொல்லாம ஊசியத் தொடக்கூடாது. முடியுமா?"

"கஷ்டமாத்தான் இருக்கும் மேடம்" என்றேன். "ஒருதடவ பனியில ரோடு அடச்சிடுச்சு, டாக்டர் வர முடியல. ஒரு ஜவானுக்கு வயித்து வலி. கேஸ் டிரபுள்னு மாத்திர குடுத்தேன். அப்பெண்டிக்ஸ். வெடிச்சப்புறம்தான் ஹெலிகாப்டர் வந்துது. எப்படியோ பொழச்சிட்டான். அன்னிக்கு எனக்குத் தெரியாம போனதக் கத்துக்கத்தான் வந்திருக்கேன்."

அவர் என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். "திங்கக்கிழம வந்து சேந்துடுங்க."

வெளியே தாஸிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த ஜவான் கதையை வீட்டில் யாருக்கும் அதுவரை சொன்னதில்லை. அவன் கொஞ்சம் தள்ளிப் போய்ப் போனை எடுத்தான். "சார், எங்க மாமா வேலைக்கு வரல. படிக்கப் போறாரு."

நேர்காணலுக்குப் போகிறவர்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், டி.சி., ராணுவ டிஸ்சார்ஜ் புக் மூன்றின் அசலையும் எடுத்துப் போங்கள். பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பதவியை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. பிள்ளைகள் அண்ணா என்கிறார்கள். புரியாததைக் கை தூக்கிக் கேட்க இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.