இனாம் இல்லை என்றார் நைனா

இந்த ஊரில் வீடு விற்கிறவர்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். முன்பின் தெரியாத நாம் உள்ளே போய் அவர்களுடைய அலமாரியைத் திறந்து பார்க்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். கனடா வந்து ஒன்பது வருஷமாகியும் எனக்கு அந்தக் கூச்சம் போகவில்லை. அப்படி இருபது வீடு ஏறி இறங்கி, ஒன்றுக்கு அட்வான்ஸ் கட்டினோம். வெள்ளிக்கிழமைக்குள் லோன் உறுதியாகாவிட்டால் அந்த அட்வான்ஸ் போச்சு. அது நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

லோன் போக வீட்டுக்கு நாங்கள் கையிலிருந்து கட்டவேண்டிய பணத்தில் குறைந்ததை நைனா, என் அப்பா, ஊரிலிருந்து அனுப்பினார். ஆந்திராவில் சித்தூர் பக்கம் குடிபாலாவில் எங்களுக்குப் பரம்பரையாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நைனாதான் கூலிக்குப் போய்ச் சேர்த்து ஒரு ஏக்கர் வாங்கி மாங்கன்று வைத்தார். அதில் பாதியை எனக்காக விற்று, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப மூன்று தடவை திருப்பதிக்கு பஸ் ஏறினார்.

ஆனால் அப்பா கொடுத்தாலும் இங்கே பேங்க்காரன் விடமாட்டான். அது கடனென்றால் எனக்கு லோன் கிடையாது. அன்பளிப்பு என்று 'கிஃப்ட் லெட்டர்' வேண்டும். நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "புள்ளி வெச்ச இடத்துல கையெழுத்துப் போடு நைனா, போதும்" என்று சொல்லி வாங்கிவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று நான் வாசித்துக் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

புதன்கிழமை நான் வேலையில் இருக்கும்போது நைனா கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு பெருமை.

"உங்க பேங்க்லேர்ந்து ஒரு பொண்ணு தெலுங்குல பேசுச்சுடா. துட்ட இனாமா குடுத்தீங்களான்னு கேட்டுச்சு. என் புள்ள இனாம் வாங்கித் துன்ற ஆளு இல்லம்மா, பைசா பாக்கியில்லாம குடுத்துடுவான்னு சொல்லிட்டேன்."

அவரை எப்படித் திட்டுவது? சம்பாதிக்கிற மகனுக்குச் சும்மா கொடுத்தேன் என்று மூன்றாம் மனிதரிடம் சொன்னால், எங்கள் பக்கத்தில் அது மகனுக்குத்தான் கேவலம். அவர் என் மானத்தைக் காப்பாற்றியிருந்தார். ஒரு மணி நேரத்தில் லோன் நிறுத்தப்பட்டதாக மெயில் வந்தது. நோட்டரி முத்திரையோடு புதுக் கடிதம் வேண்டுமாம்.

இந்த முறை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்பது வரைக்கும் "ம்" கொட்டினார். அடுத்த வரியில் நிறுத்தினார்.

"அந்த வூட்ல எனக்கு ஒரு பாத்தியதையும் இல்லன்னா போட்டுகீது?"

"ஆமா நைனா. சும்மா பேப்பருக்குத்தான்."

லைன் போய்விட்டதோ என்று பயந்தேன். போகவில்லை என்று தெரிந்ததும் இன்னும் பயந்தேன்.

"செரி, வுடு. காலைல சித்தூரு போயி போட்டுக்கினு வரேன். நீ பயந்துக்கினு கெடக்காத."

போட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் லோன் உறுதியானது. அடுத்த மாதம் சாவி வாங்கினோம். காலியான கூடத்தில் நின்றுகொண்டு, வீட்டு ஜெபத்துக்குக் கட்டாயம் வரணும் என்று நைனாவைக் கூப்பிட்டேன். வரேன் என்றார். பிறகு, பேங்க்காரனிடம் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டார்.

"நான் வந்தா எத்தினி நாளு இருக்கலாம்னு அந்தப் பேப்பர்ல போட்டுகீதா?"