புள்ளியின் அகலம்

அன்று கடையில் நான் இருந்தேன். முதலாளி அக்கா இருந்தார். ஸ்கந்தபுரத்து அம்மா இருந்தார். அவருடைய கணவர் இல்லை. செத்துப் பத்து நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இருந்து கணினியில் தட்டுகிற கதிரையின் நுனியில்தான் அம்மா இருந்தார்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் போன் எடுக்க, தட்டச்சு அடிக்க ஆட்கள் வருகிற சின்னக் கொம்யூனிகேசன் கடை எங்களுடையது. நான் தட்டச்சுக்காரன். பள்ளிக்கூடம் பெரிதாகப் போகவில்லை. செத்துப்போன அந்த மனிதர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கமம் செய்த கதையை எங்கள் கணினியில் எழுதி வைத்திருந்தார். ஒரு புத்தகத்துக்குக் காணும்.

அவருடைய மூத்த அக்கா மலைநாட்டில் படுக்கையில் கிடக்கிறார். கருமாதிக்கு வர ஏலாது. அதற்கு முன் தம்பி எழுதியதை அவர் தன் போன் திரையில் வாசிக்க வேண்டும். அம்மா கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் அது பழைய எழுத்துருவில் தட்டியது. கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் குப்பை. அந்த எழுத்துருவையும் யாரோ எப்போதோ திருத்தி வைத்திருந்தார்கள். அதனால் மாற்றித் தருகிற மென்பொருளும் பிழையாகவே மாற்றியது. திரும்பத் தட்ட நாள் காணாது.

கடையின் இணையப் பக்கத்தைப் பராமரிக்கிறவர் நெளுக்குளத்தில் இருக்கிறார். போன் எடுத்தேன். "அவர் எழுதினதை எங்கட இணையப் பக்கத்தில போட்டு, எழுத்துருவையும் அதோட ஏத்தி விடும். எழுத்துகளின்ர அகலத்தை மிசின் தானே எடுக்கும்" என்றார்.

மிசின் எடுத்தது. போனைத் திறந்து அம்மாவிடம் நீட்டினேன்.

"என்ன தம்பி இது, புள்ளியெல்லாம் வெலகி வெலகி நிக்குது?"

அக்கா எட்டிப் பார்த்தார். "எழுத்துக்கு அம்மாள் வந்திட்டுதோ? வேப்பிலை கட்டுவமே?"

அம்மா சிரிக்கவில்லை.

"அவரு ஒரு புள்ளி தவற மாட்டாருங்க. நாத்தனா இதப் பாத்தா, கடைசியில தம்பிக்குப் புத்தி தடுமாறிருச்சின்னு நெனச்சு அழும்."

அந்த எழுத்துருவில் தமிழ்ப் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கும். மகரத்தைத் தட்டி, பிறகு புள்ளியைத் தட்டினால், அது பின்னுக்குப் போய் மகரத்தின் தலையில் குந்த வேண்டும். மிசின் அதற்கும் மற்ற எழுத்துகளைப் போல ஓர் அகலம் கொடுத்துவிட்டது. அதனால் புள்ளி தனியாக, வெறும் இடத்தில் நின்றது.

அகலத்தைக் குறைத்தேன். புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் ஏறியது. கூட்டினேன். இன்னும் தள்ளிப் போனது. மற்ற எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ணகரம் முட்டியது, துணைக்கால் விலகியது. கண் எரிந்தது. தேத்தண்ணி ஆறிப் போய்க் கிடந்தது. அம்மா அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். அதே கதிரை நுனியில் இருந்துவிட்டு பஸ்ஸுக்குப் போவார்.

கடைசியில் திரும்பவும் நெளுக்குளத்துக்கு எடுத்தேன்.

"புள்ளிக்கு இடமே குடுக்காதையும். புள்ளியின்ர உருவத்தை மட்டும் இடப்பக்கம் இழுத்து விடும், போதும்" என்றார்.

"முதலே சொல்லியிருக்கலாமே."

"நீர் முதல் கேக்கேல்லையே."

கருமாதிக்கு முதல் நாள், புள்ளி சரியாகக் குந்திய பக்கத்தின் இணைப்பை மலைநாட்டுக்கு அனுப்பினேன். அம்மா கடையிலிருந்தே அங்கே போன் எடுத்தார். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். அந்தப் பக்கம் கிழட்டுக் குரல். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தது. "எங்க... லயத்து வீட்டுக்குப்... பின்னால... ஒரு... கொய்யா மரம்..." நின்றது.

"ஆமாடி. எந் தம்பி எழுத்துதான்" என்றது. பிறகு மேலே வாசித்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அக்கா மேசை லாச்சியைப் பூட்டினார்.

"இந்தக் கிழமை முழுக்க வேற ஒரு வேலையும் நடக்கேல்லை. அப்பிடி என்னதான் செய்தனீர்?"

"புள்ளிக்கு அகலம் போட்டனான்."

"எவ்வளவு போட்டனீர்?"

"பூச்சியம்."